மாதிரி வகுப்பில் சேகரின் குரல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கொரியாவில் ஒரு வருட ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள். கொரிய மொழியில் ஒரு மாதிரி வகுப்பு எடுத்து, பதிவு செய்து அனுப்பவேண்டும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு எப்போது அமைதியாக இருந்தது? சேகர் லேத் பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலில் காவல் இருந்தார். மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அவரே நிறுத்தினார். கல்யாணமானதிலிருந்து என் ஒவ்வொரு கொரியப் பாடப் பதிவுக்கும் இப்படித்தான். கொரியா பேச்சை எடுத்தால் மட்டும், "நீ போய்ட்டு வா, எனக்கு இன்னா" என்பதோடு சரி.

ராத்திரி போட்டுக் கேட்டேன். என் பாடத்துக்குப் பின்னால் அவரும் பூக்கார அக்காவும் கிசுகிசுக்கிறார்கள்.

"யக்கா, கத்தாதே. உள்ள பாடம் எடுத்துகினு கீது."

"ஆருக்கு?"

"கொரியாக்காரனுக்கு. ஒரு வருசம் அங்க போவப்போது."

"அப்போ நீ இன்னா பண்ணுவே நைனா?"

கிளம்புகிறவர் இருப்பவரிடம் கொரிய மொழியில் எப்படி விடைபெற வேண்டும் என்று என் குரல் மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு அவர் குரல்:

"இன்னா பண்றது, ஃபிரிட்ஜ நிறுத்தற வேல மிச்சம்."

காலையில் திரும்பப் பதிவு செய்யவேண்டும். ஏன் என்று சொன்னால் கூசிப்போவார். இதை அழிக்கவும் மனம் வரவில்லை.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. நிறுத்திய ஃபிரிட்ஜை இன்னும் போடவே இல்லை, மனிதர்.