அண்ணாச்சி என்று கூப்பிட்டது

தென்காசி
6.6.2025

அன்புள்ள ஹைருன் அக்காவுக்கு,

நாளைக்குப் பெருநாள். மாறுதலில் போனதும் போனீர்கள், இந்த வருஷம் எனக்குப் பிரியாணி இல்லை. போனில் பேசினால் மாமியார் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

சூப்பிரண்டு நமசிவாயம் மேல் புகார் கொடுத்துவிட்டேன். நேற்று விசாரணைக் குழு கூப்பிட்டது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி அம்மா என் போனைப் பார்த்துவிட்டு, “எல்லா மெசேஜ்லயும் ‘சரி அண்ணாச்சி’ன்னு இவ்வளவு பாசமா எழுதியிருக்கீங்களே?” என்கிறார். எங்கள் ஊரில் பெட்டிக்கடைக்காரரும் அண்ணாச்சிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பதிவறையில் அவர் என் இடுப்பில் கை வைத்தபோது கதவைத் திறந்தது நீங்கள்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. 19ஆம் தேதி வியாழக்கிழமை குழு மறுபடியும் கூடுகிறது, வந்து சொல்வீர்களா? சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உங்கள்
காளீஸ்வரி

செங்கோட்டை
10.6.2025

அன்புத் தங்கை காளிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நேற்று உங்கள் ஆபீஸ் காமராஜ் இங்கே வந்தான். “ரிட்டயர்டு ஆவப் போற நேரத்துல ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த வம்பு? பென்சன நிப்பாட்டிட்டா என்ன செய்வீய?” என்கிறான். பயமாக இருக்கிறதடி. கொஞ்சம் பொறு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஹைருன் பீவி

தென்காசி
13.6.2025

அக்கா,

எவ்வளவு நாள் பொறுக்க? ஆபீஸில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும், “தங்கச்சிக்கு அண்ணாச்சி மேல என்ன கோவமோ!” என்று சிரிக்கிறார். கூடச் சேர்ந்து சிரித்தார்கள். புகாரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றிருக்கிறது. உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

காளீஸ்வரி

செங்கோட்டை
16.6.2025

ஏட்டி காளி,

திரும்ப வாங்கினாயோ, உன்னோடு பேச மாட்டேன். வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். நீ வேலைக்குச் சேர்ந்த அன்றே, “சாரெல்லாம் வேண்டாம் தாயி, அண்ணாச்சின்னு கூப்பிடு” என்று அந்த ஆள் சொன்னதையும் சொல்வேன். எனக்கும் அதையேதான் சொன்னார். அந்தச் சென்னை அம்மா நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்று காலை அந்த ஆள் போன் பண்ணினார். “ஹைருன், அண்ணாச்சி பேசுதேன்” என்றார்.

“சொல்லுங்க நமசிவாயம்” என்றேன்.

டக்கென்று லைனைத் துண்டித்துவிட்டார். போனை வைத்த பிறகும் எனக்கு உதறல் நிற்கவில்லை. வியாழக்கிழமையும் உதறும். பஸ் ஸ்டாண்டில் வந்து நில், கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போவோம்.

உன்
ஹைருன் அக்கா