கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிட்டேன், மாமா

என் ஆசை மாமாவுக்கு,

நம் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டுவிட்டேன். நீ இருந்தபோது நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்த அதே கார்டுதான். நானே வாங்கி, நானே மாட்டினேன். சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. உன் மேல் கோபமாக இருக்கிறேன். ஊர் மேலும்தான்.

கல்யாணம் கல்யாணமாகப் போய் நீ வீடியோ எடுத்தாய். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் பார்க்கிற மாதிரி ஆக்கியது நான். நம் லைட்ஹவுஸ் குப்பத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருமுறை வீடியோவில் என் பெயரையும் போடச் சொன்னதற்கு, "நீ வேற நான் வேறயாடி?" என்று சிரித்தாய். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் மயங்கிவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய கேமரா வாங்கினாய். அதில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தால், அது பெண் கழுத்துக்குப் போவதற்குள் படம் நின்று நின்று துள்ளும். முழு வீடியோவாக மாற்றப் போட்டால், முடியப்போகிற நேரத்தில் கம்ப்யூட்டரே அணைந்துபோகும். கார்டை மாற்றச் சொன்னால், "அடுத்த சீசன்ல பாத்துக்கலாம். போட்டுட்டு நீ சோறாக்கப் போ, அது பாட்டுக்கு ஓடும்" என்பாய். கேமராவை ஊரே பார்க்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள், இல்லையா?

அடுத்த சீசன் வரவேயில்லை. சுண்ணாம்புக்குளத்தில் கவிதா கல்யாணத்தை எடுத்துவிட்டு வரும் வழியில் லாரி உன்னை அடித்துப் போட்டது. கேமரா பையில் ஒரு கீறல்கூட இல்லை.

கருமாதி முடிந்த கையோடு உன் அண்ணன் வந்தார். கூடவே கவிதாவின் தாய்மாமன்.

"அந்தக் கல்யாணத்துல எட்த்ததெல்லாம் குட்த்துடும்மா" என்றார் உன் அண்ணன். "பொன்னேரில யாரையாவது வெச்சு எடிட் பண்ணிக்கிறாங்களாம்."

"எதுக்கு? எப்பவும் நான்தானே பண்றேன்?"

"நீயா?"

உன் கூடப் பிறந்தவருக்கே தெரியவில்லை, மாமா!

தாய்மாமன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா எட்த்துக்காதம்மா. தாலி கட்றது, பொட்டு வெக்கறது எல்லாம் அதுலதான் கீது. புருசன் போனவ கை படக்கூடாதுனு வூட்ல பேசிக்கிறாங்க."

"பெட்டியையும் வித்துட்லாம்" என்றார் உன் அண்ணன். "உனுக்கு இன்னாத்துக்கு அது?"

"கவிதா வந்து கேக்கட்டும், குடுக்கறேன். பெட்டி மேல யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாளே பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். கம்ப்யூட்டர் கடைக்காரன், "இதுக்கு பவர் சப்ளையும் சேத்து மாத்தணும்க்கா. மாட்டறதுக்கு வூட்ல ஆம்பளைங்க இல்லியா?" என்றான். "இல்ல" என்றேன். அந்த ஒரு வார்த்தையை என்னைச் சொல்லவைத்துவிட்டாயே என்று அங்கேயே உன்னைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். உப்புக்காற்றில் திருகாணியெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, அழுத்தித் திருகியதில் உள்ளங்கை கிழிந்தது. முதலில் பவர் சப்ளையை மாற்றினேன். பிறகு பழைய கார்டைக் கழற்றிப் புதியதை வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, மானிட்டர் இருட்டு. "செத்தும் என் உசுர எடுக்கறியே!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் கவனித்தேன், மானிட்டர் ஒயரைப் புது கார்டில் சொருகாமல் வேறு ஓட்டையில் சொருகியிருக்கிறேன். மாற்றியதும் வெளிச்சம் வந்தது.

கவிதாவின் கல்யாணத்தை ஓட்டினேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. தாலி ஏறுகிறது, எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவளை மட்டும் காணோம். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள் என்று மேடைப் பக்கமே விடவில்லை. உன் கேமரா மேடையை விட்டு இறங்கி அவளைத் தேடிப் போகிறது. பந்தலின் கடைசியில், சமையல் அண்டாக்களுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் அட்சதையை மூடிப் பிடித்திருக்கிறாள். உன் குரல் கேட்கிறது: "இங்கிருந்தே போடும்மா. நான் எட்த்துக்கறேன்." மேடை இருக்கிற திசைக்கு அவள் வீசுகிறாள்.

அழுதுவிட்டேன், மாமா. அழுது முடித்ததும் கோபம் இன்னும் ஏறியது. பந்தல் கோடியில் நின்றவள் உன் கண்ணில் பட்டாளே. உன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நான் ஏன் படவில்லை? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

கவிதா தன் புருஷனோடு வந்தாள். "மாமன் பேசனத மன்சுல வெச்சுக்காதக்கா. கல்யாண போட்டோ ஒண்ணுலகூட எங்கம்மா இல்ல. வீடியோலயாவது கீறாங்களா?" என்றாள். போட்டுக் காட்டினேன். அம்மா வீசுகிற இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "யாரு இன்னா சொன்னாலும் நீயே பண்ணு" என்றாள்.

போன வாரம் கவிதாவின் அம்மா வீட்டு டிவியில் போட்டார்கள். அந்த அம்மா வீசிய அட்சதையைத் தாலி முடிச்சு விழுகிற இடத்திலேயே சேர்த்திருந்தேன். பெண் தலையில் விழுந்ததில் அவள் போட்டது எது, மற்றவர் போட்டது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. பெற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாய்மாமன் எழுந்து வெளியே போனார். போகட்டும். உன் அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. அதுவும் போகட்டும். கடைசியில் எடிட்டிங் என்ற இடத்தில் என் பெயர் வந்தது. நீ போடவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

கவிதாவின் நாத்தனாருக்கு ஆவணியில் கல்யாணம். கூப்பிட்டிருக்கிறார்கள். கேமராவையும் இனி நான்தான் தூக்கப்போகிறேன். தாலி கட்டும்போது மேடையில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று எடுப்பேன். இறங்கு என்று எவர் சொன்னாலும் இறங்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கோபம் ஆறாத உன் பொண்டாட்டி,
மல்லிகா