அண்ணன் தொட்டிக்கு ஒரு விளக்கு

ஜூன் 3, செவ்வாய்

வெயில் விடுவதாக இல்லை. அண்ணனின் மீன் தொட்டியில் டியூப் லைட் போய்விட்டது. ரிப்பன் மாதிரி நீளும் செடிகள் பாதி அழுகல். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். பேச்சில்லை, கழுத்துகூடத் திரும்பாது. கட்டிலுக்கு எதிரே அந்தத் தொட்டி ஒன்றுதான் அவருக்கு. அதுவும் செத்தால் எதைப் பார்ப்பார்?

வாங்க: டயப்பர், பினாயில், கஞ்சி மாவு, விளக்கு.

ஜூன் 4, புதன்

ஸ்கூல் விட்டு நேராக மயிலாப்பூர் வண்ணமீன் கடை. தொட்டிக்கென்று விற்கும் விளக்கெல்லாம் வேண்டாம், வீட்டு வாசலில் மாட்டும் எல்.இ.டி. ஃப்ளட் லைட் போதும், இருபது வாட், வெள்ளை என்றார் கடைக்காரர். தினம் ஆறு மணி நேரம். நேர் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டுமாம்.

தொட்டிக்குப் பின்னால், அதற்குச் சற்று மேலே, ஜன்னல் கம்பியில் கட்டினேன். முன்வரிசைச் செடிக்கு எட்டவில்லை. கொஞ்சம் முன்பக்கம் சாய்த்தேன். பிரமாதம். எனக்கே என் மேல் மரியாதை.

ஜூன் 7, சனி

மழை வருவதுபோல் இருட்டி, ஏமாற்றிவிட்டது. விளக்கு காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை. ஆறு மணி நேரமாவது ஒன்றாவது, சீக்கிரம் வளரட்டும்.

பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் வசந்தா, ஊரூர் குப்பத்துக்காரி, வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மீன பாத்தா அண்ணனுக்குக் கண்ணுல தண்ணி வருதுக்கா. எல்லாம் தெரிஞ்சிகினுதான் கீறாரு."

போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் தண்ணீர், காது வரை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டு மாதத்தில் முதல் நல்ல சேதி.

ஜூன் 12, வியாழன்

புது இலை மூன்று. கண்ணாடியில் பச்சைப் பாசி, தேய்க்க வேண்டும். 8-பி நோட்டு இன்னும் திருத்தவில்லை. போனில் டாக்டரிடம் கண்ணீர் விஷயம் சொன்னேன். நல்ல அறிகுறியாக இருக்கலாம் என்றார்.

ஆனால் அண்ணன் பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே கிடக்கிறாராம், வசந்தா சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்காகத்தான இவ்ளோ பண்றேன். கண்ணத் தொறந்து பாருண்ணா."

திறந்தார். கண்ணீர் கொட்டியது. அவர் நெற்றியில் கை வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

புழுக்கம். காலை பத்துக்கு வசந்தா அவரைச் சக்கர நாற்காலியில் குளிக்க அழைத்துப் போனாள். நான் படுக்கை விரிப்பு மாற்றினேன். இடுப்பு விட்டுப்போனது. ஒரு நிமிஷம் என்று அவர் தலையணையில் சாய்ந்தேன்.

தொட்டி தெரியவில்லை. செடி, மீன், எதுவும். விளக்கு மட்டும், நேராகக் கண்ணுக்குள். நின்று பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும். இத்தனை நாளும் நான் நின்றேதான் பார்த்திருக்கிறேன்.

பத்து எண்ணுவதற்குள் எனக்கும் கண்ணில் தண்ணீர். தலையைத் திருப்பிக்கொண்டேன். என்னால் முடிந்தது.

தினம் பன்னிரண்டு மணி நேரம். கண்ணை மூடித்தான் தப்பித்திருக்கிறார். அதையும் திறக்கச் சொன்னேன். நான் சொன்னது புரிந்துதான் திறந்தார்.

விளக்கைக் கழற்றிவிட்டேன். வசந்தா அவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். கண் திறந்திருக்கிறது. காய்ந்திருக்கிறது. நான் இன்னும் அந்த அறைக்குள் போகவில்லை.