எதிரணி கோலுக்கு அடித்த மேளம்

லுவான்ஷ்யா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தவோங்காவுக்கு,

கம்பம்பா வாத்தியார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். லிவிங்ஸ்டனில் உன் ஓட்டல் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். மழை இன்னும் வரவில்லை. எங்கள் மாமரம் மட்டும் அவசரப்பட்டுக் காய்த்துவிட்டது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறு நிமிடமே நீ உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பாய், அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அதனால்தான் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

நம் ஊர்க் கால்பந்து அணி ஹேமர்ஸ் இந்த வருடம் பட்டியலின் அடியில் கிடக்கிறது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்று ஊரே பயந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில்தான் கிட்வே ராக்கெட்ஸ் இங்கே ஆட வந்தது. முடியும் தறுவாயில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நம் பக்கம் முழுக்க வாயடைத்து உட்கார்ந்திருக்க, நம் ரசிகர் சங்கத்து மேளக்காரரான உன் அப்பா எழுந்து மேளத்தை அடித்தார். தோள் குலுங்க, சந்தோஷமாக அடித்தார். கையைப் பிடித்து நிறுத்தியவன் நான்தான்.

கேட்டதற்குக் கை தவறிவிட்டது என்றார். கை தவறி ஒரு அடி விழலாம். ஒரு முழுப் பாட்டு விழுமா?

ரசிகர் சங்கச் செயலாளர் சிஷாவை உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. உன் அப்பா கிட்வேக்காரர்களிடம் காசு வாங்கிவிட்டார் என்கிறான், உங்கள் வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். நீ அனுப்பியது என்றேன். "வாத்தியாரே, மகள் அனுப்பினா சந்தோஷமா நாலு பேர்கிட்ட சொல்லிக்குவான். இவன் ஏன் மூச்சு விடல?" என்றான். போன மாதம் கிட்வே பேருந்து நிலையத்தில் உன் அப்பா தனியாக இறங்கி நடந்ததைச் சங்கத்து ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். நான் விசாரித்தபோது, ஊரை விட்டு எங்கும் போகவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

என் மனதிலும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் நகைச்சுவை புரியாத பையன், மற்றவர்கள் சிரித்த பிறகுதான் சிரிப்பான். உன் அப்பாவின் மேளம் இந்த வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தது. முன்பெல்லாம் பந்து வலையைத் தொடுமுன் மேளம் முழங்கும். இப்போது கூட்டம் கத்தி முடித்த பிறகு வருகிறது. மனம் ஆட்டத்தில் இல்லை, வேறெங்கோ போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தந்தது இது. நாங்கள் பெம்பா இனம், நீங்கள் ங்கோனி இனம்; கேலி பேசுவதுதான் நம் இரண்டு இனத்துக்கும் உறவுமுறை. ஒருவரை ஒருவர் கேலி பேசாத நாள் உண்டா? உன் அப்பா மேளத்தோடு வரும்போதே, "எலி தின்னி வந்துட்டான், காலடியைப் பார்த்து உட்காருங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "குரங்கு தின்னிங்களுக்குத் தாளம் கேட்டா ஆட வருமா, மரம் ஏற வருமா?" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். கிட்வே ஆட்டத்துக்குப் பிறகு ஒருவரும் அவரைத் திட்டுவதில்லை. வணக்கம் ஐயா, நலமா ஐயா என்று விலகிப் போகிறார்கள். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வரும் சனிக்கிழமை சங்கக் கூட்டம். மேளத்தை வாங்கிக்கொண்டு அவரை நீக்குவதென்று பேசி வைத்திருக்கிறார்கள். என்னையும் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் தேர்வு வைக்காமல் எவனையும் நான் தோல்வி என்று எழுதியதில்லை. நேற்று அதற்காகவே உங்கள் வீட்டுக்குப் போனேன்.

கிட்வேயில் இருக்கும் என் மருமகன் விட்டுப்போன ராக்கெட்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டேன். சரியான நீலம். உன் அப்பா நம் பழைய ஜெரேயாக இருந்தால் வாசலிலேயே செருப்பைத் தூக்குவார். பட்டப்பகலில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தார். முட்டிவலி பற்றிப் பேசினார், உன்னைப் பற்றிப் பேசினார். சட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆக சிஷா சொன்னது சரிதான் என்று எனக்கு நெஞ்சு கசந்தது.

கிளம்பும்போது என் தோளைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் என்னைக் கைவிட்டுட்டாங்கடா. நீ ஒருத்தன்தான் நம்ம பச்சைச் சட்டையோட என் வீட்டு வாசப்படி ஏறியிருக்க" என்றார்.

தவோங்கா, நான் விடைபெற்று நடந்தேன். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். கரும்பலகை தெரியாத பிள்ளையை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து முன்வரிசைக்கு மாற்றியவன் நான். அன்று கிட்வேக்காரர்கள் எங்களுக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலை நம் கூச்சல் என்று எண்ணித்தான் அவர் அடித்திருக்கிறார். கண் பார்க்கும் ஆஸ்பத்திரியும் கிட்வேயில்தானே இருக்கிறது.

நீயும் இதைத் தெரிந்து மறைக்கிறாயோ என்று ஒரு சந்தேகம் வருகிறது. போன தடவை நீ வந்திருந்தபோது செய்தித்தாளை ஏன் நீ அவருக்கு வாசித்துக்காட்டினாய்? தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடு. இந்த ஒரு மாதத்தில் சந்தேகப்படுவதே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

துரோகி என்று சொன்னால் அவர் தாங்கிக்கொள்வார், தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். பார்வை இல்லாதவன் என்று சொல்லி மேளத்தை வாங்கினால் தாங்கமாட்டார். அதனால் அவர் சம்மதம் இல்லாமல் நான் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டேன், மேளம் போனாலும் சரி. சனிக்கிழமைக்குள் நீ வர வேண்டும். நீ கேட்டால் உண்மையைச் சொல்வார். அவர் சரி என்று ஒரு சொல் சொல்லட்டும், சிஷாவை நான் பார்த்துக்கொள்கிறேன். மைதானத்தில் அவர் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். நம் கோல் என்றால் அவர் முதுகில் தட்டுவேன். அவர்கள் கோல் என்றால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். திங்கட்கிழமை நாம் மூவரும் கிட்வே பேருந்தில் ஏறுவோம். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நீலச் சட்டையைப் பற்றி அவரிடம் சொல்லிவிடாதே. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அவருக்குக் கண் தெளியும் நாளில் அதை மாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பேன். குரங்கு தின்னி என்று தொடங்கி, வாய்க்கு வந்ததெல்லாம் திட்டி அவர் என்னைத் தெருக்கோடிவரை துரத்த வேண்டும். அந்தத் திட்டு என் காதில் விழும்படி கடவுள் அவருக்கும் உனக்கும் துணையிருக்கட்டும்.

நீ வரும் வழி பார்த்திருக்கும்,
கம்பம்பா வாத்தியார்