அஞ்சு மணிக்கு வரும் அழைப்பு

அம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

இங்க வெளிநாட்டு ஆபீஸ்ல எல்லா கம்ப்யூட்டரையும் இணைக்கிற நெட்வொர்க் சுவிட்ச் இப்ப என் பொறுப்பு. எந்தக் கம்ப்யூட்டர் வெளிய பேசலாம், எது கூடாதுன்னு வரி வரியா நான்தான் எழுதுறேன். யூடியூப் பாத்தே கத்துக்கிட்டேன், செம ஜாலி. அது மேலேருந்து படிக்கும், முதல்ல பொருந்துற வரிதான் செல்லும், அதுக்குக் கீழ இருக்கறதைப் பாக்காது.

போன வாரம் மேனேஜர், "ஆள் இல்லாத கம்ப்யூட்டரையெல்லாம் மறிச்சுடு சைபுல்லா"ன்னாரு. மறிச்சேன். அதுல ஒண்ணு தினமும் நம்மூரு அஞ்சு மணிக்கு வெளிய போகப் பாத்து முட்டிக்கிட்டே இருக்கு. பேரைப் பாத்தேன், இங்க என்கூட வேலை பாத்த நம்ம தெரு இளம்பரிதியோடது. அவன் விபத்துல போய் ரெண்டு மாசமாச்சு. வேலையில மறந்துடுவோம்னு, அவங்க அம்மா போனுக்கு கம்ப்யூட்டர் தானாவே கூப்பிடற மாதிரி வச்சிருந்தான். யாரும் அதை அணைக்கல.

அப்போ நான் மறிக்கிற வரைக்கும் அவன் அம்மா நீலாம்பா அத்தை தினமும் எடுத்திருக்காங்க. சத்தமே வராத போன்ல என்ன பேசினாங்களோ.

அவன் கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி வரி எழுதினேன். அவசரத்துல தடைக்குக் கீழ எழுதிட்டேன், போகல. இன்னைக்கு மேல ஏத்திட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லல, பயப்படாதீங்க.

யாராவது வந்தா கருவாடு குடுத்து விடுங்க. ரூம்ல தனியா சாப்பிடப் பிடிக்கல.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. அஞ்சு மணிக்கு அத்தை வீட்ல கொஞ்சம் உக்காருங்க. போன் அடிச்சா நீங்க எடுக்காதீங்க, அவங்களே எடுக்கட்டும்.

உங்க
சைபுல்லா