மேல்தளத்து மீன்தொட்டி

நிலவுச் சுரங்கம், கீழ்க்கூடம். எழுதுபவர்: இசக்கி, நீர்ப் பராமரிப்பு.

நாள் 212, 07:10
மேலாளர் பரஞ்சோதி எங்கள் வெளிச்சத்தைத் திருடி மீனுக்குக் கொடுக்கிறார். அவர் வீட்டு மீன்தொட்டிக்குத் தினம் பதினான்கு மணி நேரம் விளக்கு. முப்பத்தொரு பேர் வாழும் எங்கள் கூடத்துக்கு ஏழு. அவ்வளவு வெளிச்சமும் இரையும் கொடுத்தால் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்? கண்ணாடியைச் சுரண்டினேன். மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். பழைய நீர் வழக்கம்போல் கீழே எங்கள் பாசிக்குளத்துக்கு இறங்கியது. மீன் கழிவு அதற்கு உரம். அந்தப் பாசி தரும் காற்றில்தான் நாங்கள் மூச்சு விடுகிறோம். மேலே அதற்குப் பெயர் அழுக்கு.

நாள் 215, 11:30
வயர்லெஸ் பதிவு:
"சார், விளக்கை ஆறு மணி நேரமாக் குறைங்க. இரையையும் குறைங்க. பாசி தானா அடங்கும்."
"ஏம்மா, என் வீட்ல எப்ப லைட் எரியணும்னு நீ சொல்றியா? மூணு நாள்ல இயக்குநர்கள் வர்றாங்க. மருந்தக் குடுத்துட்டுப் போ."
பாசிக்கொல்லிப் புட்டியில் கோடு கிழித்துக் கொடுத்தேன். அதுவரை ஊற்றினால் இரண்டு நாளில் மருந்தின் வீரியம் முறிந்துவிடும், நீரைக் கீழே விடலாம்.

நாள் 217, 09:00
தொட்டி நீர் பளிங்காக இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.
"கோடு வரைக்கும்தாம்மா. சீக்கிரம் தண்ணிய மாத்து, மீன் சாகுது."
கீழே இறங்கும் வால்வைத் திறந்தது என் கை.

09:40
புட்டி அவர் குப்பைக்கூடையில் கிடந்தது. காலி. ஓடிப்போய் வால்வை மூடினேன். பாதி நீர் கீழே இறங்கிவிட்டது.

நாள் 218, 10:20
எங்கள் குளம் பழுப்பாகிவிட்டது. செத்த பாசி அழுகுகிறது. அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்கிறது. துளைப்பான் ஓட்டும் செல்லத்துரை அண்ணன் என் வாயில் குத்தினார்.
"காத்தப் பாத்துக்கோன்னா வெசத்தத் தொறந்து வுட்டிருக்கியேட்டி!"
இரண்டு பற்கள் போயின. குத்தட்டும்.

13:05
மேலாளரின் ஆட்கள் மேல்தளக் கதவை மூட வந்தார்கள். அண்ணன் இடையில் கையை விட்டார். அப்படியே மூடினார்கள். இனி எங்களில் யாரும் போக முடியாத மேல்தளத்தில் அவருடைய நான்கு விரல்கள் இருக்கின்றன. சட்டையைக் கிழித்துக் கட்டினேன்.
"வெரலுக்காவது நல்ல காத்து கெடைக்கட்டும்ட்டி" என்று சிரித்தார்.

16:40
கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேலே பூட்டி வைத்திருந்த எங்கள் கூடத்தின் அவசர ஆக்சிஜன் சிலிண்டர் மீன்தொட்டி அருகே நிற்கிறது. குழாய் நீருக்குள். குமிழி மேல் குமிழி.
"சார், அது எங்க சிலிண்டர்."
"கொஞ்சம் பொறுங்கம்மா. வர்றவங்களுக்குச் செத்த மீனையா காட்டுறது?"
"கதவையாவது தொறங்க. இங்க ஆளுங்க விழுறாங்க."
"தொறந்தா இங்கயும் காத்து பத்தாது."

18:15
ஒன்பது பேர் எழவில்லை. துளைப்பானால் கதவை இடித்தோம். ஒரு பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான். இப்போது துளைப்பானைத் தூக்க ஆள் இல்லை. அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார். கட்டு நனைவதும் நின்றுவிட்டது.
மீன்கள் அடிவரை இறங்கி நீந்துகின்றன. பிழைத்துவிட்டன.

18:52
வயர்லெஸ்ஸில் சொன்னேன்: "பரஞ்சோதி, சிலிண்டரத் தொட்டியிலேருந்து கழட்டு. கீழ வர்ற எங்க காத்துக் குழாய்ல மாட்டு."

18:54
திரும்பவும் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். கையில் இரை டப்பா.

18:59
"கழட்டுடா."

19:03
கழட்டு