ஸ்டோருக்குப் பின்னால் சிவப்புக் குச்சிகள்

சாய்ந்தமருது

அன்புள்ள மச்சானுக்கு ஷாஹினா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் மகளும் சுகம். நீங்கள் சுகம் என்று சொல்வதைத்தான் இனி நான் நம்பமாட்டேன்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால் ஈராக்குக்குத் திரும்பும் உங்கள் கூட்டாளி டெஸ்மன்டிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டோர் கீப்பர் வேலை என்றீர்கள். பெருநாளுக்கு அனுப்பிய படத்தில் உங்களுக்குப் பின்னால் சிவப்புக் குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணிவெடி புதைந்த நிலத்தில் நடும் குச்சிகள் அவை, சண்டை முடிந்த பிறகு நம் பக்கமும் கண்டிருக்கிறேன். ஸ்டோருக்கு எதற்கு அது? டெஸ்மன்டிடம் கேட்டேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். கண்ணிவெடிதான் எடுக்கிறீர்கள்.

சண்டைக் காலத்திலும் இப்படித்தான். பொலிஸில் இருந்தபோது, சம்மாந்துறை பஸ்ஸில் சீட்டுக்குக் கீழே கிடந்த பார்சல் குண்டை, சனத்தையெல்லாம் இறக்கிவிட்டுத் தனியே ஏறிச் செயலிழக்கச் செய்தீர்கள். வீட்டுக்கு வந்து, “பழைய பெட்டரி ஒண்டு கிடந்திச்சு புள்ள” என்று சொல்லிச் சோறு கேட்டீர்கள். மறுநாள் பாண்டிருப்புக் குணம் அண்ணன் வாசலில் நின்று அழுதபோதுதான் எனக்கு விஷயம் தெரியவந்தது. அவரும் அந்த பஸ்ஸில் இருந்தவர். இன்றைக்கும் வயல் வெட்டினால் புது அரிசியோடு வருகிறார். ஊரே உங்களைப் பெருமையாகக் கதைக்கிறது. எனக்கோ சோறு போட்ட கையாலேயே உங்களுக்கு ரெண்டு அடி போட வேண்டும் போல இருந்தது.

லீவு இல்லை, மகளின் கலியாணத்துக்கு என் இடத்தில் மூத்தவர், காக்கா நிற்கட்டும் என்று சொன்னீர்கள். உங்கள் காக்கா அச்சிமுகம்மது சம்மதித்துவிட்டார். மகள் ஹஸ்மியாதான் குறுக்கே நிற்கிறாள். “வாப்பா வந்து மாப்பிள்ளைர கையப் புடிச்சுக் குடுத்தாத்தான் நான் ஓம் எண்டு சொல்லுவன்” என்கிறாள். அவளுக்குக் குச்சி விஷயம் தெரியாது. அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்கத்தான் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். டைல்ஸ் பதிக்காவிட்டால் குடியா முழுகிவிடும்?

அங்கேயும் யாரோ தன் வயலில் இறங்கக் காத்திருக்கிறார் என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அந்தச் சனத்துக்கும் சேர்த்துத்தான் தொழுதுவிட்டு துஆக் கேட்கிறேன். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இவ்வளவு காலமும் வாய் திறந்து சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நிக்காஹ்வில் மாப்பிள்ளை பர்ஹானின் கையைப் பிடிக்க உங்கள் வலக்கை வேண்டும். அது மகளின் அமானிதம். பத்திரமாகக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படையுங்கள். அதுவரை அல்லாஹ் அதைக் காக்கட்டும்.

உங்கள்
ஷாஹினா